வெல்ட் குவேக்கு வழி கேட்டவன்

மதிப்பிற்குரிய மக்கள் பிரதிநிதி ஒய்.பி. அவர்களே, டத்தோ அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட கோயில் நிர்வாகத்தினரே, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் என் பழைய மாணவர்களே, அவர்கள் பெற்ற பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

டத்தோ அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் அது மரியாதை ஆகாது. இன்று முகூர்த்த நாள். மூன்று கல்யாணத்தில் தலையைக் காட்டிவிட்டு, நான்காவதை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறார். அந்த நான்காவது வீட்டார் என்னை மன்னிக்க வேண்டும். ஒய்.பி. அவர்கள் போன வருஷமும் வந்தார், போன வருஷமும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். இந்த வருஷமும் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அறிவிப்பாளர் தம்பி என்னைப் பற்றிச் சொன்னதில் பாதி உண்மை. மீதியை நான் மறுக்கப் போவதில்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஆங்கிலத்தின் சேட்டைகள்'. முப்பத்தொரு வருஷம் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த மொழியோடு எனக்குச் சண்டை கிடையாது, அது போட்ட சோற்றைத்தான் தின்றேன். மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று, எழுதுவது ஒன்றாகவும் படிப்பது வேறாகவும் இருக்கிற வம்பு. இரண்டு, ஒரே ஓசையில் வரும் வெவ்வேறு சொற்கள். மூன்று, 'அப்', 'டவுன்', 'ஆஃப்' என்கிற குட்டிச் சொற்கள் வினைச்சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு செய்கிற அட்டகாசம். என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரு பழமொழியில் போய் நிற்பேன். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். முதலிலேயே சொல்லிவிட்டேன், யாரும் காத்திருக்க வேண்டாம்.

சரி, எழுத்துக்கு வருவோம்.

கடன் என்பதற்கு ஆங்கிலத்தில் 'டெட்' என்கிறோம். எழுதும்போது நடுவில் ஒரு 'பி' உட்கார்ந்திருக்கிறது. அது வாயைத் திறப்பதே இல்லை. ஏன் வந்தது? இந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது 'பி' கிடையாது. பின்னால் வந்த பண்டிதர்கள், இதற்கு மூலம் லத்தீனில் 'டெபிட்டும்' ஆயிற்றே, வம்சத்தைக் காட்ட வேண்டாமா என்று ஒரு 'பி'யைச் செருகிவிட்டார்கள். நாம் பெயருக்கு முன்னால் பட்டம் போட்டுக்கொள்கிற மாதிரி. (டத்தோ அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது, நான் பேசுவது எழுத்தைப் பற்றி.) நாம் பினாங்குத் தீவுக்காரர்கள். 'ஐலண்ட்' என்ற சொல்லில் ஒரு 'எஸ்' சும்மா நிற்கிறதே, அதுவும் இதே கதைதான். பழைய ஆங்கிலத்தில் அந்த 'எஸ்' இல்லை. லத்தீனில் தீவுக்கு 'இன்சுலா' என்று இருப்பதைப் பார்த்து உள்ளே விட்டுவிட்டார்கள்.

கத்திக்கு 'நைஃப்', முழங்காலுக்கு 'நீ', வீரனுக்கு 'நைட்'. மூன்றிலும் முன்னால் ஒரு 'கே' இருக்கிறது. இது யாரும் செருகியது இல்லை. ஒரு காலத்தில் ஆங்கிலேயர் அந்தக் 'கே'யை வாய்விட்டே சொன்னார்கள். 1476இல் வில்லியம் கேக்ஸ்டன் என்பவர் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு வந்ததும் எழுத்து மெல்ல மெல்ல உறைந்துபோனது. ஆனால் வாய் உறையவில்லை. அந்த நூற்றாண்டுகளிலேயே நெடில் ஓசைகள் எல்லாம் இடம் மாறின, 'கே'யும் உதிர்ந்தது. ஆள் குடிமாறிப் போய்விட்டான், வாசலில் பழைய பெயர்ப்பலகை மட்டும் தொங்குகிறது. நம் பிள்ளைகள் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் கதவைத் தட்டுகிறார்கள். பேய்க்கு 'கோஸ்ட்' என்று எழுதும்போது 'ஜி'க்குப் பக்கத்தில் ஒரு 'எச்' வருகிறது. அது பிளெமிஷ் வழக்கத்தில் பழகி வந்த அச்சுக்கோப்பாளர்கள் விட்டுப்போனது என்பார்கள். சத்தம் போடாமல் நிற்கிறது, பேய்தானே!

'ஓ, யு, ஜி, எச்' என்ற நான்கு எழுத்தை எடுங்கள். 'தோ', 'த்ரூ', 'டஃப்', 'காஃப்', 'பௌ', 'தரா'. ஆறு சொல், ஆறு ஓசை. இரண்டாம் படிவத்துப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான், "சார், இதற்கு விதி என்ன?" தலைவிதிதான் தம்பி என்றேன். மீனுக்கு 'ஜி, எச், ஓ, டி, ஐ' என்று எழுதலாம் என்ற வேடிக்கை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 'எனஃப்' என்பதில் 'ஃப்', 'விமன்' என்பதில் 'இ', 'நேஷன்' என்பதில் 'ஷ்', சேர்த்தால் 'ஃபிஷ்'. இதை பெர்னார்ட் ஷா சொன்னதாக மேடைக்கு மேடை சொல்கிறார்கள். நானே இருபது வருஷம் அப்படித்தான் சொன்னேன். ஆனால் 1855இல் எழுதிய ஒரு கடிதத்திலேயே இந்த வேடிக்கை இருக்கிறது. ஷா பிறந்ததே 1856இல்தான். அவருக்கு ஆங்கில எழுத்தின் மேல் கோபம் இருந்தது உண்மை. புது எழுத்து ஒன்று உருவாக்கச் சொல்லி உயிலில் பணமே ஒதுக்கிவிட்டுப் போனார். உருவாக்கினார்கள், அந்த எழுத்தில் அவருடைய நாடகம் ஒன்றை 1962இல் அச்சிட்டார்கள். அப்புறம் யாரும் சீண்டவில்லை.

நம் நாட்டுப் பிள்ளைக்கு இன்னொரு கூடுதல் சுமை. மலாயில் பள்ளிப்பாடம். மலாய் எழுத்து நேர்மையான எழுத்து. 1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து அதை இன்னும் ஒழுங்குபடுத்தின. 'டாக்ஸி'யை 'டி, இ, கே, எஸ், ஐ' என்று எழுதுகிறார்கள், 'ஐஸ்' என்றால் 'ஏ, ஐ, எஸ்'. வாயில் வருவது கையில் வருகிறது. அந்தப் பிள்ளை அடுத்த பாட வேளையில் ஆங்கிலக் கட்டுரையில் அதே மாதிரி எழுதினால் நான் சிவப்பு மையால் சுழிக்க வேண்டும். எத்தனை சுழி! சுழிக்கும்போதெல்லாம் மனது கேட்கும், இவன் செய்தது என்ன தப்பு?

கோயில் தலைவர் ஐயா இப்போதுதான் வருகிறார். வாருங்கள் ஐயா, முன்னால் ஒரு நாற்காலி போடுங்கள் தம்பி. ஐயாவுக்கு இந்த மண்டபத்தின் சார்பில் வணக்கம். அவர் உட்காரட்டும், அதற்குள் நான் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது விஷயத்துக்கு இதுதான் எடுத்துக்காட்டு.

1975. ஐந்தாம் படிவத்து எம்.சி.இ. தேர்வு எழுதி முடித்திருந்தேன். அக்கரையில், செபராங் பிறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வீடு, அப்பா பால்மரம் வெட்டினார். ஜார்ஜ்டவுனில் ஒரு கப்பல் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலைக்கு நேர்காணல் என்று கடிதம் வந்தது. தோட்டத்திலேயே டைப் அடித்த கடிதம் வந்த முதல் வீடு எங்களுடையதுதான் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது பாலம் கிடையாது, பாலம் 1985இல்தான் வந்தது. பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறித்தான் வர வேண்டும். தனியாக அனுப்பப் பயந்து தாய்மாமாவைத் துணைக்கு அனுப்பினார்கள். மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் எல்லா ஊருக்கும் வழி தெரியும் என்று ஒரு நம்பிக்கை.

கடிதத்தில் முகவரி 'வெல்ட்' என்று தொடங்கி, அடுத்த சொல் 'கியு, யு, ஏ, ஒய்'. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். குவே. வெல்ட் குவே. ஃபெரியை விட்டு இறங்கினோம். எதிரில் சீனப் பெரியவர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். "அங்கிள், வெல்ட் குவே மானா?" என்று, எங்கே இருக்கிறது என்று மலாயில் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், மாமாவின் வயிற்றைப் பார்த்தார். "குவே? சானா, சானா!" என்று கையைக் காட்டினார். நல்ல மனிதர், சைக்கிளை நிறுத்திவிட்டுக் கூடவே வந்து, இரண்டு தெரு தள்ளி ஒரு சந்தில் கொண்டுபோய் விட்டார். அங்கே ஒரு தள்ளுவண்டி. இரும்புச் சட்டியில் சார் குவே தியாவ் என்கிற அரிசி நூடுல்ஸ் புகைந்துகொண்டிருந்தது.

சிரியுங்கள், சிரியுங்கள். மாமா சிரிக்கவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார். "காலையில் நாலு மணிக்கு எழுந்தது, ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுத் தேடுவோம்டா." ஒரு தட்டு இரண்டு ஆனது. நான் கடைக்காரரிடம் கேட்டேன், பக்கத்து மேசையில் கேட்டேன். 'குவே' என்று சொன்ன இடத்திலெல்லாம் எனக்குச் சாப்பாட்டுக் கடையைத்தான் காட்டினார்கள். இது பினாங்கு! கடைசியில் ஒரு தபால்காரர் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, நாங்கள் ஃபெரியை விட்டு இறங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்பினார். பெயர்ப்பலகையைப் பார்த்தேன். நான் நின்றுகொண்டு வழி கேட்ட தெருவேதான் அந்தத் தெரு.

முக்கால் மணி நேரம் தாமதம். உள்ளே ஒரு துரை மாதிரி நம்மூர் அதிகாரி. சட்டையில் சோயா வாசனையோடு போய் நிற்கிறேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "குடிண்ட் யூ ஃபைண்ட் த கீ?" எனக்கு 'கீ' என்றால் சாவி. சாவி கிடைக்கவில்லையா என்கிறார். நான் பணிவாகச் சொன்னேன், "நோ சார், த டோர் வாஸ் ஓப்பன்."

அந்த வேலை கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அம்மாதான் சொன்னார், "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், விடு." மாமா, "சட்டியில் நன்றாகத்தான் இருந்தது அக்கா" என்றார்.

பிற்பாடு, நானே வாத்தியாரான பிறகு தேடிப் பார்த்தேன். துறைமுகத்துக் கரைக்கு ஆங்கிலத்தில் முதலில் 'கீ' என்று சொன்னபடியேதான் எழுதியும் வந்தார்கள். பிறகு பிரெஞ்சுக்காரன் எழுதுவதைப் பார்த்து எழுத்தை மட்டும் 'கியு, யு, ஏ, ஒய்' என்று மாற்றிக்கொண்டார்கள், ஓசை பழையபடியே நின்றுவிட்டது. எழுத்துக்கு வேஷம் போட்டது அவர்கள், வேலை போனது எனக்கு. வெல்ட் என்பவர் ஆங்கிலேயர் காலத்தில் பினாங்கையும் சேர்த்த நீரிணைக் குடியேற்றங்களுக்கு ஆளுநராக இருந்தவர், அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

ஆங்கிலம் மட்டும் நம்மைப் படுத்தவில்லை, நாமும் அதைப் படுத்தியிருக்கிறோம். காரைப் பின்னால் எடு என்பதற்கு 'கோஸ்தான்' என்கிறோமே, அது என்ன தமிழா, மலாயா, ஹொக்கியனா? கப்பலைப் பின்பக்கமாகச் செலுத்து என்று மாலுமிகள் சொன்ன 'கோ அஸ்டர்ன்'. துறைமுகத்திலிருந்து கரையேறி நம் கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டது. லண்டனில் போய்ச் சொன்னால் யாருக்கும் புரியாது. அதே மாதிரி நம் கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் ஆங்கில அகராதியில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. 'கேஷ்' கூட நம் காசுதான் என்று மேடையில் மார்தட்டுவார்கள். அது பாதிதான் சரி. பழைய சில்லறை நாணயத்துக்கு வழங்கிய 'கேஷ்' நம் காசிலிருந்து போனது. இன்று வங்கியில் கேட்கிற 'கேஷ்' பிரெஞ்சுப் பணப்பெட்டியிலிருந்து வந்தது. கைதட்டல் கிடைக்கும் என்பதற்காக ஒரு வாத்தியார் தவறாகச் சொல்லக் கூடாது.

இப்போது நான் ஏன் இதையெல்லாம் சொல்கிறேன்? என் வகுப்பில் ஆங்கிலத்தைத் தாண்டி வந்த பிள்ளைகள் யார் என்று நினைத்துப் பார்த்தேன். செயப்பாட்டு வினையை ஆங்கிலத்தில் விளக்கித் தொண்டை வறண்டுபோன ஒரு நாள், தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்து, "சார், 'ராமனால் வில் ஒடிக்கப்பட்டது' மாதிரியா?" என்றாள். அவளிடம் சட்டியில் இருந்தது! தமிழிலும் குழப்பம் உண்டு. கடலில் ஒரு 'க', தங்கத்தில் ஒரு 'க', அகத்தில் ஒரு 'க'. ஆனால் எங்கே எது வரும் என்று இடம் சொல்லிவிடும். ஒரு மொழியின் இலக்கணத்தை உருப்படியாகப் பிடித்த பிள்ளை, அடுத்த மொழி ஏமாற்றும்போது எங்கே ஏமாற்றுகிறது என்றாவது கண்டுபிடிக்கும்.

நம் மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆறு வருஷம் அங்கே தமிழ் படிக்கிற பிள்ளை முதலாம் படிவம் போனதும் என்ன ஆகிறது? பல இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் வகுப்பே இல்லை. கேட்டால் 'ஆள் இல்லை' என்பார்கள். பெற்றோரே, 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். பி.ஓ.எல். வகுப்பு என்று நாம் சொல்வது இதைத்தான். பதினைந்து பேர், ஒரு வேன் கூட நிறையாது.

போன வருஷம் ஒரு பள்ளிக்குப் போனோம், பெயர் வேண்டாம். கையில் 14 கையெழுத்து. அலுவலகத்தில் எண்ணிப் பார்த்தார்கள், இரண்டாம் முறையும் எண்ணினார்கள், காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, பதினான்கு பதினான்குதான். பதினைந்தாவதாகப் போட வேண்டிய அம்மா ஏன் போடவில்லை தெரியுமா? அந்த நேரத்தில் பையனுக்கு ஆங்கில டியூஷன் இருக்கிறதாம். அந்த டியூஷன் வாத்தியார் நான்தான்.

ஆமாம், பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டில் நடத்துகிறேன். அன்றைக்கே டியூஷன் நேரத்தை மாற்றிவிட்டேன்.

இதே ஜார்ஜ்டவுனில், 1816இல், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில்தான் இந்த நாட்டின் முதல் தமிழ் வகுப்பு நடந்தது. ஓர் ஆங்கிலப் பாதிரியார் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிக்குள்ளே! அன்றைக்கு அங்கே தமிழுக்கு ஓர் அறை இருந்தது. ஒய்.பி. அவர்கள் இதைக் குறித்துக்கொள்கிறார், நன்றி. போன வருஷமும் குறித்துக்கொண்டார்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது விஷயம், அந்த 'அப்', 'டவுன்' சமாச்சாரம், இன்னொரு மேடையில் பார்த்துக்கொள்வோம். கையெழுத்துப் படிவங்கள் பின்னால், வடைத் தட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் மேசையில் இருக்கின்றன. பள்ளிக்கு ஒரு தாளாகப் பிரித்து வைத்திருக்கிறோம். பேனா நூலில் கட்டியிருக்கிறது, தயவுசெய்து இழுக்காதீர்கள். வடை ஆறுவதற்குள் போட்டுவிடுங்கள். அந்தப் பள்ளியின் தாளில் இன்னும் 14தான் இருக்கிறது, அந்த அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், நான் பார்த்துவிட்டேன்.