உட்கார ஒரு முக்காலி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். வேலை என்பது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே உள்ள பாசமா, ஒப்பந்தமா என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய அண்ணன், "வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாக வந்து மொய் எழுதுகிறாரே முதலாளி, அது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நான் ஒப்பந்தமே என்று பேச வந்திருக்கிறேன்.

என் அம்மா 19 வருஷம் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவர். நின்றவர் என்று யோசித்துத்தான் சொல்கிறேன். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். ஆள் வராத நேரத்தில் அலமாரியில் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் முறைப்பார். கீழே விழுந்த சேலையை மடிக்கிற சாக்கில் தரையில் குந்துவாரே, அதுதான் ஓய்வு. வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் காலை வைத்துக்கொள்வார். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு கிடக்கும்.

அந்த முதலாளி கெட்டவரா? சத்தியமாக இல்லை. என் தங்கை சடங்குக்குப் பட்டுப்பாவாடை கொடுத்தனுப்பியவர். என் முதல் வருஷக் கல்லூரி ஃபீஸில் பாதி அவர் தந்தது. அந்தப் பாசம் உண்மை. ஆனால் 19 வருஷத்தில் ஒரு முக்காலி போடலாம் என்று அந்தப் பாசத்துக்குத் தோன்றவில்லையே! அம்மாவாலும் கேட்க முடியவில்லை. ஃபீஸ் கட்டியவரிடம் போய் உட்கார இடம் கேட்க எப்படி வாய் வரும்?

முக்காலி 2021-இல் வந்தது. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது தமிழ்நாடு. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் போராடியதால் கேரளத்தில் அது 2018-லேயே வந்துவிட்டது.

அப்புறம், தீபாவளி போனஸ். அதையும் முதலாளியின் தாராளம் என்றார் அண்ணன். 1965-இல் வந்து பின்னால் திருத்தப்பட்ட போனஸ் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் வருஷச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, நட்டம் வந்தாலும் கொடுக்கச் சொன்னது. வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துத் தருவது முதலாளியின் பண்பு, நான் மறுக்கவில்லை. தட்டில் இருக்கும் பணம் உழைத்தவர் சம்பாதித்தது.

முதலாளி படும் பாடும் எனக்குத் தெரியும். வட்டிக்கு வாங்கிச் சம்பளம் போட்ட மாதங்கள் அவருக்கும் உண்டு. அவருக்கும் ஒப்பந்தம்தான் நல்லது. "இவ்வளவு செய்தேனே, சொல்லாமல் வேறு கடைக்குப் போய்விட்டாளே" என்று நெஞ்சு புண்ணாக வேண்டாம். வேலையை விட்டு நிற்பதென்றால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்று எழுதிக்கொண்டால் போதும். 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காக பி.பி. வாடியா என்பவர் தலைமையில், திரு.வி.க. துணையோடு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதே, அதற்கு முன்நின்ற செல்வபதி செட்டியார் ஒரு வியாபாரி. தொழிலாளி பக்கத்து நியாயம் கடைக்காரருக்கும் புரியும்.

கடைக்கு முக்காலி வந்த அன்று அம்மா அதில் உட்காரவில்லையாம். பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேதான் இருந்தாராம். மூன்றாம் நாள் முதலாளியே அந்தப் பக்கம் வந்து, "உட்காரும்மா, இப்போ சட்டமே சொல்லுது" என்றிருக்கிறார். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார்.

நன்றி, வணக்கம்.