நான்கு, ஐந்தான கதை

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லில் எழுத்து வெட்டுகிறவரிடம் எப்போதாவது பேசிப் பார்த்திருக்கிறீர்களா? காகிதத்தில் பிழை வந்தால் அடித்துவிட்டு எழுதலாம். கல்லில் வந்தால் பழைய எழுத்தைப் பூசி அடைத்து, அதன் மேலேயே புதிதாக வெட்ட வேண்டும். எவ்வளவு கைநேர்த்தியோடு செய்தாலும் அடைத்த இடம் கண்ணில் படும்.

அமெரிக்காவில், தென் கரோலினா மாநிலத்தின் தலைநகர் கொலம்பியா. அங்கே சட்டமன்ற வளாகத்தில் ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற அரசியல்வாதிக்கு ஒரு சிலை இருக்கிறது. அவர் உயிரோடு இருக்கும்போதே, 1999இல் வைத்தது. அதன் பீடத்தின் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். இவருக்கு இத்தனை பிள்ளைகள் என்று ஒரு வரி, கீழே பிள்ளைகளின் பெயர்கள். எண்ணிக்கையைச் சொல்லும் அந்த ஒரு சொல் மட்டும் மற்ற எழுத்துகளோடு ஒட்டாமல் நிற்கிறது. முதலில் ‘நான்கு’ என்று இருந்தது. 2004இல் அதை அடைத்துவிட்டு ‘ஐந்து’ என்று வெட்டினார்கள். பெயர்ப் பட்டியலின் அடியில் எஸ்ஸி மே என்று ஒரு பெயரும் சேர்ந்தது.

இன்றைக்கு நான் பேச வந்தது அந்த ஐந்தாவது பெயரைப் பற்றி. வயதுப்படி பார்த்தால் அதுதான் முதல் பெயர்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். எட்ஜ்ஃபீல்டு. சில ஆயிரம் பேர் வசிக்கும் சின்ன ஊர். நடுவில் ஒரு சதுக்கம், சதுக்கத்தில் நீதிமன்றம், சுற்றிலும் பீச் பழத் தோட்டங்கள். மாநிலத்துக்குப் பத்து ஆளுநர்களைக் கொடுத்த மண் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை. அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி, நம் முதலமைச்சர் மாதிரி.

இன்னொரு பெருமையும் உண்டு, மண்பாண்டம். அடிமை முறை இருந்த காலத்தில் டேவிட் டிரேக் என்ற குயவர் அங்கே ஆளுயரத்தில் பாதி வரும் ஜாடிகளை வனைந்தார். அவர் ஓர் அடிமை. அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதைத் தடுத்து 1834இல் அந்த மாநிலத்தில் சட்டமே இருந்தது. அந்த மனிதரோ ஈரக் களிமண்ணில் தன் பெயரைக் கீறினார், தேதியைக் கீறினார், சில ஜாடிகளில் இரண்டு வரிக் கவிதையும் கீறினார். 1857இல் செய்த ஒரு ஜாடியில், என் சொந்தபந்தமெல்லாம் எங்கே இருக்கிறதோ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. ஊறுகாயும் உப்புக்கண்டமும் போட்டு வைக்கிற ஜாடி!

இந்த ஊரில் 1902இல் பிறந்தவர்தான் தர்மண்ட். அப்பா வக்கீல், செல்வாக்கான குடும்பம். வீட்டு வேலைக்குக் கேரி பட்லர் என்ற கருப்பினப் பெண் வந்துகொண்டிருந்தாள். பெண் என்ன, சிறுமி. 1925 அக்டோபரில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தபோது அவள் வயது 16. குழந்தையின் தகப்பனுக்கு 22. அந்த வீட்டுப் பிள்ளை.

அன்றைய தென் கரோலினாவில் அவர்கள் கல்யாணம் செய்திருக்கவே முடியாது. வெள்ளையரும் கருப்பினத்தவரும் மணந்துகொள்ளக் கூடாது என்று 1895இல் எழுதிய அரசியல் சட்டமே சொன்னது. இப்படிப்பட்ட சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்புச் சொன்ன பிறகும் அந்த வரி ஏட்டில் அப்படியே கிடந்தது. 1998இல் வாக்கெடுப்பு நடத்தித்தான் நீக்கினார்கள். அப்போதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ‘நீக்க வேண்டாம்’ என்று ஓட்டுப் போட்டார்கள். 1998, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நம்மூரில் கேபிள் டிவி ஓடிக்கொண்டிருந்த காலம்.

சரி, குழந்தைக்கு வருவோம். ஆறு மாதத்திலேயே வடக்கே பென்சில்வேனியாவுக்குக் கொண்டுபோய், கேரியின் அக்காளிடம் கொடுத்துவிட்டார்கள். எஸ்ஸி மே பெரியம்மாவையே அம்மா என்று நினைத்து வளர்ந்தாள். 13 வயதில்தான் கேரி வந்து, நான்தான் உன்னைப் பெற்றவள் என்று சொன்னாள். அப்பா யார் என்று அப்போதும் சொல்லவில்லை.

1941இல், 16 வயதில், எஸ்ஸி மே எட்ஜ்ஃபீல்டுக்கு வந்தாள். அம்மா அவளை ஒரு வக்கீல் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே ஒரு வெள்ளைக்காரர். அந்த நிமிடம் வரை தன் அப்பா வெள்ளைக்காரர் என்றே அவளுக்குத் தெரியாது. அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, என் தங்கை ஒருத்தியின் சாயல் இருக்கிறது, கன்ன எலும்பு எங்கள் வீட்டுக் கன்ன எலும்பு என்கிற மாதிரி சொன்னாராம். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போய் மூக்கு யாருடையது, நெற்றி யாருடையது என்று பேசுவோமே, அந்தப் பேச்சு 16 வருடம் தாமதமாக, கதவைச் சாத்திக்கொண்டு நடந்திருக்கிறது. நான் படித்ததில் என்னை அதிகம் தொந்தரவு செய்த இடம் இதுதான்.

அதற்குப் பிறகு உறவு தொடர்ந்தது, ஒரு விதமாக. அவர் படிப்புக்குப் பணம் கொடுத்தார். ஆரஞ்சுபர்கில் கருப்பின மாணவர்களுக்கென்று இருந்த அரசுக் கல்லூரியில் அவள் படித்தாள். அவர் ஆளுநராக அந்தக் கல்லூரிக்கு வரும்போது முதல்வர் அறையில் அவளைத் தனியாகப் பார்ப்பார், படிப்பை விசாரிப்பார், உறையில் பணம் தருவார், கிளம்பிவிடுவார். மகள் அவரை வெளியில் அப்பா என்று அழைத்ததே இல்லை.

1948இல் அந்த ஆளுநர் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். இனங்களைப் பிரித்தே வைக்க வேண்டும் என்பதற்காகவே உருவான ஒரு கட்சியின் வேட்பாளராக. அப்போது அவர் பேசிய பேச்சு பெயர் போனது. எங்கள் திரையரங்குகளிலும், நீச்சல் குளங்களிலும், வீடுகளிலும், தேவாலயங்களிலும் கருப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளும்படி எங்களைக் கட்டாயப்படுத்த ராணுவத்தில் இருக்கும் ஆள் போதாது என்றார். அந்தப் பட்டியலில் வீடும் வருகிறது. அவர் வீட்டில் சமைத்ததும் துணி மடித்ததும் யார் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நான்கு மாநிலங்களில் ஜெயித்தார். அதே 1948இல் கேரி பட்லர் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனாள். வயது 38.

1957இல், செனட்டராகிவிட்ட தர்மண்ட், கருப்பினத்தவரின் ஓட்டுரிமைக்கான மசோதாவை எதிர்த்து செனட் சபையில் ஒரே ஆளாக 24 மணி 18 நிமிடம் பேசினார். நடுவில் எழுந்து போக வேண்டியிருக்கக் கூடாதென்று முன்கூட்டியே நீராவிக் குளியல் எடுத்து உடம்பிலிருந்த தண்ணீரை வற்றவைத்துக்கொண்டாராம். மசோதா என்னவோ நிறைவேறிவிட்டது. நீளமான பேச்சு என்ற அந்தச் சாதனை 2025 வரை நின்றது. கோரி புக்கர் என்பவர் 25 மணி நேரத்துக்கு மேல் பேசி முறியடித்தார். அவர் கருப்பினத்தவர்.

அந்த 1957இலும் தர்மண்டின் மூத்த மகள் கருப்பினப் பெண்ணாகத்தான் அதே நாட்டில் வாழ்ந்துகொண்டிருந்தார். ஒரு கருப்பின வக்கீலை மணந்திருந்தார், பின்னாளில் கணவரை இழந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் ஏறத்தாழ 30 வருடம் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து நான்கு பிள்ளைகளை ஆளாக்கினார்.

இது ரகசியமாகவா இருந்தது? அதுதான் வேடிக்கை. ஊருக்குள் அரசல் புரசலாக எல்லோருக்கும் தெரியும். எட்ஜ்ஃபீல்டின் உள்ளூர்ப் பத்திரிகை 1972இல் முதல் பக்கத்திலேயே தர்மண்டுக்குக் கருப்பின வாரிசு உண்டு என்று கொட்டை எழுத்தில் போட்டது. ஒன்றும் ஆகவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பந்தியில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் பார்க்காத மாதிரி சாப்பிட்டால் தாராளமாக மறைக்கலாம் என்று இந்த ஊர் காட்டியது. நிருபர்கள் தேடி வந்தபோதெல்லாம் எஸ்ஸி மே மறுத்தார். பேசாதே என்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை, அவர் அரசியலைக் கெடுக்க எனக்கு மனமில்லை என்றுதான் பின்னாளில் சொன்னார்.

தர்மண்டுக்கு ஊர் மறுவாய்ப்பு கொடுத்துக்கொண்டே இருந்தது. கட்சி மாறினார், ஜெயித்தார். காற்று மாறியதும் தன் அலுவலகத்தில் கருப்பினத்தவரை வேலைக்கு எடுத்தார், மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளுக்கு விடுமுறை விட 1983இல் ஆதரவாக ஓட்டுப் போட்டார், மறுபடி ஜெயித்தார். மனம் மாறினாரா, கணக்கு மாறியதா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்குக் கணக்கு என்றே படுகிறது. நூறு வயதில், 2003 ஜூனில், பிறந்த ஊரிலேயே இறந்தார். கடைசி வரை அந்த ஒரு வார்த்தையைப் பொதுவில் சொல்லவில்லை.

அந்த வருடம் டிசம்பரில் எஸ்ஸி மே பேசினார். வயது 78. உண்மை நம் பேரப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா என்று அவர் பிள்ளைகள் வற்புறுத்தியிருந்தார்கள். கொலம்பியாவில் பத்திரிகையாளர்கள் முன்னால் தன் முழுப் பெயரைச் சொல்லி, இப்போதுதான் முழு விடுதலை அடைந்த மாதிரி இருக்கிறது என்றார். சொத்து கேட்கவில்லை. தர்மண்ட் குடும்பமும் மறுத்து வழக்காடவில்லை, வக்கீல் மூலம் ஏற்றுக்கொண்டது. அடுத்த வருடம்தான் கல்லில் உளி பட்டது.

நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனால் எத்தனை வருடம் பேச்சுவார்த்தை நின்றுபோகும்! இங்கே 78 வருடம் விட்டுப்போன பெயர். வந்த பிறகும் கடைசியில். அந்த அம்மாள் அதற்கு வருத்தப்பட்டதாக எங்கும் நான் படிக்கவில்லை. மாறாக ஒரு காரியம் செய்தார். அடிமை முறைக்காகப் போரிட்ட தெற்குப் படை வீரர்களின் வம்சாவளிப் பெண்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அதில் சேர விண்ணப்பிக்கப் போவதாக 2004இல் அறிவித்தார். அதுவும் என் பாட்டன் பூட்டன் கதைதானே என்பது அவர் நியாயம். சிலருக்குச் சிரிப்பு, சிலருக்குக் கோபம். எனக்கு அந்தத் துணிச்சல் பிடித்திருந்தது.

2013இல், 87 வயதில், எஸ்ஸி மே கொலம்பியாவில் காலமானார். சிலை அதே ஊரில்தான் நிற்கிறது.

கேரி பட்லரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லலாம் என்று தேடினேன். அவளுக்கும் அந்த வீட்டுப் பிள்ளைக்கும் நடுவில் அன்பு இருந்திருக்கும் என்று மகள் நம்பினார். 16 வயது வேலைக்காரப் பெண் ‘மாட்டேன்’ என்று சொல்லியிருக்க முடியுமா என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவளே சொல்லி எவரும் எழுதிவைக்கவில்லை. மகளின் நினைவில் தங்கியது மட்டும்தான் நமக்குக் கிடைக்கிறது. அந்தப் படத்தை மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தேன். எஸ்ஸி மே என்ற பெயருக்குக் கீழே கல் வெறுமையாக இருக்கிறது.

வணக்கம்.