ஹாங்காங்: வங்கிகளுக்கும் வாக்கு உண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

ஹாங்காங்கில் ஷாம் ஷுய் போ என்று ஒரு பகுதி. அங்குள்ள பழைய கட்டடங்களில் ஒரே வீட்டைப் பலகை அடித்து நான்கைந்து அறைகளாகத் தடுத்து, அறைக்கு ஒரு குடும்பம் என்று வாடகைக்கு விடுகிறார்கள். ஓர் அறை சுமார் 120 சதுர அடி. கட்டிலை ஒட்டி அடுப்பு, அடுப்பை ஒட்டிக் கழிப்பறை. 2021 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நகரெங்கும் இப்படிக் குடியிருந்தார்கள். இதே ஊரின் மலைமேல், விக்டோரியா பீக்கில், உலகத்திலேயே விலை மிகுந்த வீடுகள் சில இருக்கின்றன. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த ஊர் நன்றாகவே தெரிந்திருக்கும்.

இத்தனை பேர் இருந்தும் வாக்குப் போட்டு இதை மாற்ற முடியாதா? இந்தக் கேள்வியோடுதான் அந்த ஊர்ச் சட்டமன்றத்தைப் பார்க்க வேண்டும்.

1985-இல், பிரிட்டிஷ் ஆட்சியில், தொழில்வழித் தொகுதிகள் என்ற ஏற்பாடு வந்தது. ஊர்வாரியாக இல்லாமல் துறைவாரியாக உறுப்பினர்கள். வங்கித்துறைக்கு ஓர் இடம். அங்கே வாக்காளர்கள் மனிதர்கள் அல்ல, நூற்றுச் சொச்சம் வங்கிகள். வங்கி நியமிக்கும் ஒருவர் போய் அதன் வாக்கைப் போடுவார். கல்வித்துறைக்கும் ஓர் இடம்தான். அங்கே எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். இரண்டு உறுப்பினர்களுக்கும் மன்றத்தில் ஒரே மதிப்பு.

அதைவிட என்னை உறுத்துவது வேறொரு விதி. 1997-இல் ஹாங்காங் சீனாவின் கைக்கு வந்த பிறகு, அரசு கொண்டுவரும் மசோதாவுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றானது. தனி உறுப்பினர் கொண்டுவந்தால், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவர்கள் ஒரு பிரிவாகவும் தொழில்வழி உறுப்பினர்கள் ஒரு பிரிவாகவும் தனித்தனியே பெரும்பான்மை தர வேண்டியிருந்தது. 2021 வரை பிரிவுகள் இப்படித்தான் இருந்தன. 2012 முதல் 2021 வரை 70 இடங்கள், பிரிவுக்கு 35. 52 பேர் ஆதரித்தாலும், தொழில்வழிப் பிரிவில் 18 பேர் மறுத்தால் மசோதா விழுந்துவிடும் நிலை. பணக்காரர்கள் லஞ்சம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சட்டப்படியே தடுக்க முடிந்தது.

யாருக்கு வாக்கு இருக்கிறது என்பதன் விளைவைப் பாருங்கள். கிறிஸ் பேட்டன் கடைசி பிரிட்டிஷ் ஆளுநராக இருந்தபோது புதிதாக ஒன்பது தொழில்வழித் தொகுதிகளை உண்டாக்கி, சாதாரணத் தொழிலாளிக்கும் அவற்றில் வாக்குரிமை கொடுத்தார். அப்படி 1995-இல் அமைந்த மன்றம், ஆட்சி கைமாறச் சில நாட்களே இருந்த 1997 ஜூனில், தொழிற்சங்கத் தலைவர் லீ சியுக்-யான் கொண்டுவந்த கூட்டுப்பேர உரிமைச் சட்டத்தை, அதாவது தொழிலாளர்கள் சார்பில் சங்கம் முதலாளியோடு பேரம் பேசும் உரிமையைத் தரும் சட்டத்தை, நிறைவேற்றியது. ஜூலையில் அந்த மன்றமே இல்லை. 400 பேர் கொண்ட குழு தேர்ந்தெடுத்த தற்காலிக மன்றம் சட்டத்தை நிறுத்திவைத்து, அக்டோபரில் ரத்தும் செய்தது. யார் வாக்களித்தார்கள் என்பது மாறியதும் சட்டமும் மாறிவிட்டது.

குறைந்தபட்சக் கூலி 2011 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது, மணிக்கு 28 ஹாங்காங் டாலர். அதற்கு முந்தைய ஆண்டு, உணவகத்துறைத் தொகுதியின் உறுப்பினர் டாமி சியுங் 20 டாலர் போதும் என்று சொல்லி, கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டார். தட்டுக் கழுவுகிறவருக்கு அந்தத் தொகுதியில் வாக்கு இல்லை.

2014 அக்டோபரில், தலைமை நிர்வாகியை மக்களே சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டு மாணவர்கள் குடை பிடித்துச் சாலையில் உட்கார்ந்திருந்த நாட்களில், நகரத்தின் தலைமை நிர்வாகி லியுங் சுன்-யிங் வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்தார். வெறும் எண்ணிக்கைதான் கணக்கு என்றால், மாதம் 1,800 அமெரிக்க டாலருக்குக் கீழே சம்பாதிக்கும் பாதி மக்களிடம்தான் பேச வேண்டிவரும், கொள்கையும் அந்தப் பக்கம் சாயும் என்றார். இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. பாதிப் பேர் ஏழைகளாக இருக்கும் ஊரில் கொள்கை அவர்கள் பக்கம் சாய்ந்தால் அதில் என்ன குற்றம்?

2021-இல் தேர்தல் முறையை பெய்ஜிங்கில் உள்ள சீன அரசு மாற்றியது. மன்றம் 90 இடங்களாகப் பெருத்தது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் இடங்கள் 35-லிருந்து 20 ஆகச் சுருங்கின. அந்த டிசம்பர் தேர்தலில் நேரடித் தொகுதிகளில் வாக்களித்தவர்கள் சுமார் 30 சதவீதம்.

தடுப்பறைகளுக்கு 2022 ஜனவரியில் ஒரு வாடகைச் சட்டம் வந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது. புதிதாகக் குடிவருகிறவரிடம் முதலில் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு அந்தச் சட்டம் வரம்பு எதுவும் வைக்கவில்லை.