வாசல் வரை இசைத்தட்டு, கூடம் வரை தொலைக்காட்சி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'சோல்' என்ற கருப்பின மக்களின் இசையைப் பாடிய அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸை, வெள்ளையரின் கிராமிய இசையாகக் கருதப்பட்ட 'கன்ட்ரி'யின் ரசிகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது இசைத்தட்டா, தொலைக்காட்சிப் பல்சுவை மேடையா என்று கேட்டிருக்கிறீர்கள். தொலைக்காட்சி மேடைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சற்றுமுன் 1962-ஐத் தூக்கிக் காட்டினார். அந்த ஆண்டு ரே சார்ல்ஸ் கன்ட்ரி பாடல்களை மட்டும் எடுத்து, வயலின்களும் கோரஸும் சேர்த்து ஒரு ஆல்பம் போட்டார். 'இருக்கிற ரசிகர்களும் போய்விடுவார்கள்' என்று கம்பெனிக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். ஆல்பம் 14 வாரம் முதலிடம். அதிலிருந்த டான் கிப்சன் எழுதிய பாட்டு 5 வாரம் முதலிடம். எல்லாம் உண்மை, மறுக்கவில்லை.

ஆனால் ஐயா, எந்தப் பட்டியலில் முதலிடம்? பாப் பட்டியலில். கருப்பின மக்களுக்கென்று தனியாக வைத்திருந்த ஆர் அண்ட் பி பட்டியலிலும். கன்ட்ரி பட்டியலில் அந்தப் பாட்டு ஏறவே இல்லை! பாட்டு கன்ட்ரிக்காரர்களுடையது, சொல் அவர்களுடையது, பாடியவர் மட்டும் வெளியாள். பந்தலில் சாப்பாடு பிரமாதம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சமைத்தவருக்கு மட்டும் இலை போடவில்லை. இதைத்தான் 'கொண்டு சேர்த்தது' என்கிறார் எதிரணித் தலைவர்.

ஃப்ளோரிடாவில் கிரீன்வில் என்ற சின்ன ஊரில் வளர்ந்த பையன் ரே சார்ல்ஸ். ஏழு வயதில் பார்வை போய்விட்டது. சனிக்கிழமை இரவானால் ரேடியோ. நாஷ்வில் நகரத்திலிருந்து வரும் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த காது அது. 1943 முதல் 1974 வரை அந்த நிகழ்ச்சி நடந்தது ரைமன் அரங்கத்தில். தேவாலயமாகக் கட்டிய கட்டடம், ஜனங்கள் உட்காருவதும் மரப் பெஞ்சுகளில்தான்.

இப்போது தொலைக்காட்சிக்கு வருகிறேன். 1969 முதல் 1971 வரை கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் ஏபிசி தொலைக்காட்சியில் ஒரு பல்சுவை நிகழ்ச்சி நடத்தினார். படம்பிடித்த இடம்? அதே ரைமன்! அந்த மேடையில் ரே சார்ல்ஸ் வந்து பாடினார். எதைப் பாடினார் தெரியுமா? கேஷின் 'ரிங் ஆஃப் ஃபயர்'. கேஷ் பாடியபோது டிரம்பெட் முழங்கிய பாட்டு. இவர் அதைத் தன் வழிக்கு இழுத்து சோலாக்கிவிட்டார். வீட்டுக்காரர் பாட்டை வீட்டுக்காரர் அழைத்து, அவர் வீட்டிலேயே பாடுவது! கன்ட்ரி உலகின் பெரிய மனிதர் ஒருவர் 'இவர் நம்மவர்' என்று நாடறியக் கைபிடித்து உட்கார வைத்தது அந்த மேடை. எந்த இசைத்தட்டு இதைச் செய்யும்?

பார்வையில்லாதவருக்கு டிவி எதற்கு என்று எதிரணியில் ஒருவர் நக்கலடித்தார். ஐயா, பார்க்க வேண்டியவர் அவரில்லை. வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த கன்ட்ரி ரசிகர்!

சரி, 1985-இல் கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனோடு பாடிய பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்ததே, அதுவும் இசைத்தட்டுதானே என்பார்கள். ஆமாம். 1962-இல் உள்ளே விடாத பட்டியல் அது. குரல் அதே குரல், தட்டும் அதே தட்டு. நடுவே இருந்த 23 ஆண்டுகளில் என்ன மாறியது என்று அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் சொல்லட்டும். நடுவர் மணியில் கைவைத்துவிட்டார், நான் இறங்குகிறேன்.