கட்சுகோ சாருஹாஷி அளந்த கடல்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மழை நேரத்தில் வகுப்பறை ஜன்னலோரம் உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். கண்ணாடியில் ஒரு துளி மெல்ல இறங்கும். வழியில் இன்னொரு துளியோடு சேரும், சட்டென்று வேகம் பிடித்து ஓடும். டோக்கியோவில் ஒரு பள்ளிச் சிறுமி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். மழை எதனால் பெய்கிறது என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்தது, பிறகு விடவே இல்லை. அந்தச் சிறுமிதான் 1920-இல் பிறந்த கட்சுகோ சாருஹாஷி. பசிபிக் கடலில் கலந்த அணுகுண்டுக் கதிரியக்கத்தை அளந்து உலகத்துக்குச் சொன்ன வேதியியலாளர். முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் இந்த மழைத்துளியைத்தான் சொல்வேன்.

பள்ளி முடித்ததும் அவர் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். மனம் படிப்பிலேயே இருந்தது. மருத்துவம் படிக்கலாம் என்று பெண்கள் மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்குப் போனார். ஏன் மருத்துவராக விரும்புகிறாய் என்று கேட்டார் அந்தக் கல்லூரியின் நிறுவனர். உங்களைப் போல் ஆக வேண்டும் என்றார் இவர். அது அவ்வளவு சுலபமில்லை என்று அந்த அம்மையார் சிரித்துவிட்டார். இவருக்கு மனசு விட்டுப்போய், புதிதாகத் தொடங்கிய பெண்கள் அறிவியல் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். அந்த ஒரு சிரிப்பை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1943-இல் பட்டம் வாங்கி வானிலை ஆய்வு நிலையத்துக்கு வந்தார். அங்கே யாசுவோ மியாகே என்ற ஆய்வாளரின் ஆய்வகம். மழையைப் பற்றிக் கேட்ட பெண் மழை ஆராயும் இடத்துக்கே வந்து சேர்ந்தார், பாருங்கள்.

1954 மார்ச் 1. மார்ஷல் தீவுகளில் பிகினி என்ற பவளத் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு ஒன்றை வெடித்துப் பார்த்தது. தூரத்தில் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு. டைகோ ஃபுகுர்யு மாரு என்று பெயர், 23 பேர் இருந்தார்கள். விடியும் முன்பே மேற்கு வானம் வெளுத்தது. சில மணி நேரம் கழித்து வெள்ளையாகத் தூள் கொட்ட ஆரம்பித்தது. தலையில், கழுத்தில், பிடித்த சூரை மீன் மேல் எல்லாம். அது பொடிந்த பவளப்பாறை. கதிரியக்கம் ஏறிய சுண்ணாம்புத் தூள். செப்டம்பரில் அவர்களில் ஒருவர் இறந்துபோனார்.

மழையிலும் கடலிலும் இது எவ்வளவு கலந்திருக்கிறது? மியாகேவும் சாருஹாஷியும் அளக்க உட்கார்ந்தார்கள். அளப்பது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் கடல் நீரைக் காய்ச்சினால் 35 கிராம் உப்பு நிற்கும். அவர்கள் தேடியது சீசியம்-137, அணுகுண்டு வெடிப்பில் உண்டாகும் கதிரியக்கப் பொருள். அது எந்தத் தராசிலும் நிற்காத அளவு. அதோடு சீசியமும் பொட்டாசியமும் ஒரே குடும்பம், குணமும் ஏறக்குறைய ஒன்றுதான். கடலில் பொட்டாசியம் ஏராளம். அதற்கும் இயற்கையாகவே கொஞ்சம் கதிரியக்கம் உண்டு. அரிசியில் கல் பொறுக்குகிறோம், ஆனால் கல்லும் அரிசி நிறத்தில் இருக்கிறது, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். பொட்டாசியம் துளி மிஞ்சினாலும் கணக்கு தப்பும். மறுபடியும் சொல்கிறேன், துளி மிஞ்சினாலும் தப்பும்.

இப்படிப் பொறுக்கிப் பார்த்ததில், பசிபிக் முழுக்கச் சமமாகக் கலக்கவில்லை என்று தெரிந்தது. நீரோட்டம் வலமாகச் சுற்றிக் கொண்டுவருவதால் ஜப்பான் பக்கத்தில் அளவு அதிகம், அமெரிக்கக் கரையில் குறைவு. அமெரிக்காவில் பலர் இதை நம்பவில்லை, அளந்த முறை தப்பு என்றார்கள். 1962-இல் சாருஹாஷி கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடல் ஆய்வு நிறுவனத்துக்குப் போனார். அங்கே தியடோர் ஃபோல்சம் என்பவர் ஒரு முறை வைத்திருந்தார், இவர் ஒரு முறை. இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு அளந்தார்கள். எண்கள் பொருந்திவிட்டன! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். வாதாடப் போகவில்லை அவர், அளந்து காட்டப் போனார். 1963-இல் வளிமண்டலத்திலும் கடலுக்கடியிலும் அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்த ஒப்பந்தம் வந்தபோது, உலகத்தின் முன் இருந்த சான்றுகளில் இவர்களுடைய எண்களும் இருந்தன.

நேரம் ஆகிவிட்டது, மற்றதை வேகமாகச் சொல்கிறேன். கணினி இல்லாத காலத்தில் கடல் நீரின் கரியமில வாயுவைக் கணக்கிட 1955-இல் அவர் ஓர் அட்டவணை வெளியிட்டார்; கடலாய்வாளர்கள் பல பத்தாண்டுகள் அதைப் பயன்படுத்தினார்கள். 1957-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். ஓய்வு பெற்றபோது நண்பர்கள் திரட்டிக் கொடுத்த பணத்தை வைத்து, ஐம்பது வயதுக்குட்பட்ட பெண் விஞ்ஞானிகளுக்கு 1981 முதல் பரிசு தரச் செய்தார். அவர் வேலை பார்த்த நிலையம் 1957 முதல் மாதம்தோறும் காற்றிலிருந்து இறங்கும் கதிரியக்கத்தை அளந்து வருகிறது. அவர் 2007-இல் காலமானார். 2011-இல் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்தபோது, ஒப்பிட்டுப் பார்க்க அரை நூற்றாண்டு எண்கள் கையில் இருந்தன.

வணக்கம்.