உப்பைத் தின்ற மண்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நூறு வேலைக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வேளாண்மைத் துறை அதிகாரிகளே, அம்பலகாரர்களே, மீனவர் சங்கத்தாரே, துண்டு போதும் என்று நான் சொல்லியும் கேளாமல் சால்வை போர்த்திய விழாக் குழுவினரே, தாய்மார்களே, வணக்கம்.

நீடித்த வேளாண்மைக்கான ஆராய்ச்சி பற்றி மூன்று செய்திகள் பேசப்போகிறேன்: விதை, தண்ணீர், கடற்பாசி.

உப்பைத் தாங்கும் நெல்லைத் தேடிய விஞ்ஞானிகள் கேரளத்துக் கடலோர நெல்லான பொக்காளியில் போய் நின்றார்கள். அதன் முதலாம் குரோமோசோமில், உப்பைத் தாங்க உதவும் 'சால்டால்' என்ற மரபணுப் பகுதியைக் கண்டு, வேறு ரகங்களுக்குள் கொண்டுவந்தார்கள். நல்ல வேலை. நம்மிடமும் உப்பைத் தாங்கும் குழியடிச்சான் நெல் இருக்கிறது. ஆனால் பொக்காளி வயலிலேயே தென்மேற்குப் பருவமழை உப்பைக் கழுவிய பிறகுதான் விதைப்பு. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும். மண்ணும் அப்படியே.

எங்கள் பெரியப்பா தொண்டிக்குத் தெற்கே கடலோரத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டார். தண்ணீர் பீறிட்டது. மோட்டாருக்கு மாலை, ஊருக்குச் சர்க்கரைப் பொங்கல். பக்கத்து நிலத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆறு மாதத்தில் ஏழு கிணறு! நான்காம் வருடம் மிளகாய்ச் செடியில் இலையோரம் கருகியது. "வெயில்" என்றார் பெரியப்பா. அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி வந்தார். பெரியம்மா அந்தத் தண்ணீரில் காப்பி போட்டுக் கொடுத்தார். சம்பந்தி ஒரு வாய் குடித்தார். டம்ளரைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு மரியாதையாகக் கேட்டார்: "ரசம் நன்றாக இருக்கிறது, சோறு பின்னால் வருகிறதா?"

சிரிக்கிறீர்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. அடியில் இருந்த நல்ல நீரை உறிஞ்ச உறிஞ்ச, கடல் உள்ளே நகர்ந்திருக்கிறது. உப்பைத் தின்ற நிலம் தண்ணீர் கேட்டது, கொடுக்கத்தான் ஆளில்லை.

கொடுக்க வேண்டியது கண்மாய். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று நாம் பெருமை பேசும் இராஜசிங்கமங்கலம் கண்மாய் இந்தப் பக்கம்தானே இருக்கிறது! கண்மாயில் நிற்கும் நீர் மண்ணுக்குள் இறங்கினால்தான் கடல்நீர் பின்வாங்கும். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலை அடைத்துக்கொண்டு சீமைக் கருவேலம் நின்றால் எந்த நீர் இறங்கும்? புதிய ரகங்களுக்குச் செலவிடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. அந்த விதைக்கும் வரத்துக்கால் வேண்டும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கடற்பாசி எடுக்கும் மண்டபம் ஊர்த் தாய்மார்கள் மன்னிக்க வேண்டும், உங்கள் செய்தி அடுத்த மேடைக்கு. புரட்டாசிப் புழுதி விதைப்புக்குள் வரத்துக்கால்களைச் சீர்செய்யக் கோரும் மனு ஒலிபெருக்கிக்காரரிடம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். ரசம் நல்ல தண்ணீரில்தான் வைத்திருக்கிறார்களாம், விசாரித்துவிட்டேன்.