பந்தல் போடும் முன்பே பேச வேண்டியவை

அவையோர்க்கு வணக்கம். மலேசியாவின் பேராக்கில், தோட்டங்கள் சூழ்ந்த இந்தச் சுங்கை சிப்புட்டில் நின்று, கோயில் கமிட்டிக்காரர்களான நம்மிடம் சமய ஒற்றுமை என்று சொன்னால் எல்லாரும் கைதட்டுவோம். மனக்கசப்பு வருவதோ ஒலிபெருக்கியிலும் பிரியாணிச் சட்டியிலும் நிலப் பத்திரத்திலும்தான். அவற்றையே பேசுகிறேன்.

மலேசிய அரசியலமைப்பின் 3ஆவது பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயம் என்கிறது. பிற சமயங்களை அமைதியோடும் இணக்கத்தோடும் கடைப்பிடிக்கலாம் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சமயக் குழுவும் தன் காரியங்களைத் தானே நடத்தும் உரிமையை 11ஆவது பிரிவு தருகிறது. ஆனால் முஸ்லிம்களிடையே பிற சமயத்தைப் பரப்புவதற்குச் சட்டத்தால் தடை போடலாம். ஆகவே மலாய்க்கார அண்டை வீட்டாருக்கு விருந்து அழைப்பு மட்டும் போகட்டும். பூசை நோட்டீஸ் நம்மவருக்கு.

திருவிழாத் தேதி குறித்ததும், நோட்டீஸ் அச்சடிக்கும் முன்பே, முஸ்லிம்களின் சிறு தொழுகை இடமான சூராவின் பொறுப்பாளரைப் போய்ப் பாருங்கள். அச்சடித்த பிறகு போனால் அது கலந்துபேசுவது ஆகாது. நம் பக்கத்தில் மக்ரிப் என்னும் அந்தித் தொழுகை ஏறக்குறைய 7 மணிக்கும் ஏழரைக்கும் இடையில் வரும். ரதம் கிளம்புவதும் அந்நேரம்தான். உருமி மேளம் சூராவைத் தாண்டும் நேரத்தை அரைமணி தள்ளினால் போதும். ஒலிபெருக்கியைக் கூரைமேல் ஏற்றாமல் வாசலுக்குள் திருப்பிக் கட்டுங்கள்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில், ‘பன்றி இல்லையே, கோழிதானே’ என்போம். ஹலால் என்றால் அறுத்த முறையும் உண்டு, பாத்திரமும் உண்டு. வந்தவர் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினால் காரணம் இதுதான். அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கோழிச் சமையலை முஸ்லிம் சமையல்காரரிடமே விட்டுவிடுங்கள்: அவர் சட்டி, அவர் கரண்டி. மாட்டிறைச்சி கூடாது என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சைவத்துக்குத் தனி மேசை போட்டு, கரண்டி இடம் மாறாமல் பார்க்க ஓர் ஆளை நிறுத்துங்கள். சைவம் சாப்பிடும் சீனர்களில் பலர் வெங்காயம், பூண்டு தொடமாட்டார்கள். அவை சேராத ஒரு கறியாவது இருக்கட்டும்.

இனி நிலம். ரப்பர்த் தோட்டப் பால்வெட்டுக்காரர்கள் கட்டிய கோயில்கள் பலவும் தோட்ட நிர்வாகியான துரையின் வாய்ச்சொல்லை நம்பி எழுந்தவை. தோட்டம் கைமாறினால் அந்த வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. ‘நூறு வருசக் கோயில்’ என்பது மனத்துக்குப் பெரிது. 1965 நிலச் சட்டத்தின்படி எத்தனை காலம் இருந்தாலும் இருப்பதாலேயே உரிமை வராது. 2018 நவம்பரில் சுபாங் ஜெயா சீபில்ட் கோயிலில் வெடித்த கலவரத்துக்கு வேர் நிலத் தகராறு. அதில் படுகாயமுற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் பின்னர் இறந்தார். அதையும் மதச் சண்டையாகவே பலர் பேசினார்கள்.

முதலில் நில அலுவலகத்தில், கிராண்ட் என்னும் நிலப் பத்திரம் யார் பெயரில் என்று பாருங்கள். அரசு நிலமானால் ஒதுக்கீடு கேட்டு விண்ணப்பிக்கலாம். தனியார் நிலமானால், விற்பனைப் பேச்சு தொடங்கும் முன்பே உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்க வேண்டும். காரியம் கெடுவது பெரும்பாலும் நம் கமிட்டியால்தான்: இரண்டு கோஷ்டி, இரண்டு தலைவர், யாரிடம் பேசுவது என்றே அதிகாரிக்குத் தெரியாது. சங்கமாகப் பதிந்த ஆலயம் ஆண்டுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்பியாக வேண்டும்.

இவ்வூரில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். பிற்பாடு தேசிய ஒற்றுமை அமைச்சராகவும் இருந்தவர். நிலமும் ஒற்றுமையும் ஒரே ஆளிடம் வந்ததில் எனக்கு வியப்பில்லை. விற்கப்படும் தோட்டத்தில் சூராவோ சீனக் கோயிலோ இருந்தால் அவர்களுக்கும் இதே சிக்கல்தான். நில அலுவலகத்துக்குச் சேர்ந்தே போங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கிராண்ட் விவகாரம் முதலில் வரட்டும், திருவிழாக் கணக்கைப் பிறகு பார்க்கலாம். நன்றி, வணக்கம்.